தந்தை பிறந்த இடம்

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்கு மனு எழுதவும், படிவம் நிரப்பவும், சான்றிதழ் எடுக்கவும் உதவுகிற ஒரு சிறு தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உச்சிப்புளிப் பக்கம். என் கைக்கு வரும் படிவங்களில் பெரும்பாலானவற்றில் தந்தை பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர், முகவரி, படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடிவிடும். இந்தக் கட்டம் வந்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். தனக்கு நாடு உண்டா, ஓட்டு உண்டா என்பது இங்கேதான் முடிவாகிறது என்று அவருக்குத் தெரியும்.

இலங்கைப் பிரச்சினை என்றால் எங்கள் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு 1983 ஜூலைக் கலவரமும், ராமேசுவரத்தில் வந்து இறங்கிய படகுகளும், போர் முடிந்த 2009 மே மாதமும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த வேலைக்கு வந்தபின் 1948 என்ற ஆண்டுதான் முதலில் வருகிறது. குண்டு விழுந்த ஆண்டல்ல அது. ஒரு சட்டம் வந்த ஆண்டு.

பிப்ரவரியில் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் புதிய குடியுரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்த மண்ணில் பிறந்தவர் பரம்பரை வழியில் குடிமகனாக வேண்டுமென்றால் அவருடைய அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இங்கிருந்து கூலி வேலைக்குப் போனவர்களின் வழிவந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர் இதற்குப் பத்திரத்துக்கு எங்கே போவார்? பாட்டனுக்கு யார் பிறப்புப் பதிவு செய்தார்கள்? 1949இல் இன்னொரு சட்டம் வந்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. அதற்கும் மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் அங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டக் கூலியிடம் அதற்கான காகிதம் கேட்டார்கள். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்திக் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். 1947 தேர்தலில் தங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் வாக்காளர் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள்.

ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். ஒரு நாடு தன்னை ஓர் இனத்தின் சொத்தாக நினைக்கத் தொடங்கினால், அந்த நினைப்பு முதலில் எழுத்தர் மேசைக்குத்தான் வருகிறது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டுகிறது. தெருவுக்கு வருவது பிறகு.

அந்த மக்கள் போன வழி எங்கள் வழி. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். பாம்பன் பாலம் 1914இல் திறந்தபின் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இன்று அகதிகள் இருக்கும் இதே மண்டபம் முகாம்தான் அன்று ஆட்களை அனுப்பி வைத்த இடம். போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதே இடத்துக்குத் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

ஒரு பாட்டி வந்தார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி வவுனியாவில் குடியேறி, 1990இல் படகேறி இங்கே வந்தவர். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் துணி, துணிக்குள் பிறப்புச் சான்று. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, டேப்பும் பழுப்பேறியிருந்தது. இலங்கைப் பிறப்புச் சான்றில் பெற்றோரின் இனம் என்று ஒரு பகுதி உண்டு. அவருடைய அப்பாவுக்கு நேராக இந்தியத் தமிழர் என்று எழுதியிருந்தது. இங்கே முகாம் பதிவேட்டில் அவர் இலங்கைத் தமிழர்.

"எங்கப்பாருக்கு இந்தக் கமுதிப் பக்கந்தாம்மா. முதுகுளத்தூரா கமுதியான்னு எனக்குச் சரியாத் தெரியல" என்றார். கமுதி இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். "ஒருக்கா போய்ப் பாத்தீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "யாருன்னு சொல்லிப் போறது?" என்றார். அவருடைய படிவத்தை அன்று முழுதாக நிரப்ப முடியவில்லை.

இவரைப் போன்றவர்களை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு பிரித்தன. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், நாடற்றவர் என்று கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? இந்தக் கேள்வியை அந்தப் பாட்டி கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு உனக்கு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்காமல் போட்ட கையெழுத்து அது. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. இலங்கையில் எஞ்சி நின்ற நாடற்றவர்களுக்கு அங்கே குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டு!

மலையக மக்களின் ஓட்டு பறிபோனபோது மற்றத் தமிழர் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வரலாறு அப்படியில்லை. வடக்குத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் அரசோடு சேர்ந்தது. அதை ஏற்காமல் பிரிந்த அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஏழே ஆண்டில், 1956இல், சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்து வடக்கு கிழக்குத் தமிழரின் கதவையும் தட்டியது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்து, சிறுபான்மையினருக்கு முன்பிருந்த 29ஆம் பிரிவின் காப்பையும் விட்டுவிட்டது. மலையகத்தாரிடம் காகிதம் கேட்ட அன்றே அது தங்களுக்கும் வரும் என்று வடக்கில் உணர்ந்தவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரனின் ஓட்டு போகும்போது பேசாமல் இருந்தவர்களின் வரிசையில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரம்தான் கெடு. தமிழ் பேசும் மக்கள்தான் அவர்களும். வேதாளையிலும் மரைக்காயர்பட்டினத்திலும் என்னோடு படித்தவர்களுக்கு மன்னார்க் கரையில் சொந்தபந்தம் உண்டு. அந்த வெளியேற்றத்தை மறைத்துவிட்டுத் தமிழர் உரிமை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இனம் மட்டும்தான் இந்த மண்ணுக்குரியது என்ற அதே நினைப்பு கை மாறி வந்ததுதான் அது.

இந்தக் கரைக்கு வருகிறேன். யாராவது பிள்ளைகளின் சான்றுகளோடு வந்தால் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதி. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதி முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதன்பின் இன்னும் இறுக்கம்: சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று பெற்றோரில் ஒருவருக்குப் பெயர் இருந்தாலும் பிள்ளைக்குக் கிடையாது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் உயிருக்குப் பயந்து படகில் வந்தவருக்குச் சட்டத்தில் அந்தப் பெயர்தான். அண்டை நாடுகளிலிருந்து வந்த சிலருக்குக் குடியுரிமை தர வழிசெய்த 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன, இலங்கை இல்லை. 2025இல் உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. நல்லது. ஆனால் அது குடியுரிமை ஆகாது.

ஒரு குடும்பம். 1984இல் மன்னாரிலிருந்து வந்தது. அக்கா 1987 மார்ச்சில் பிறந்தவர், தம்பி 1988 கடைசியில். இருவரும் பிறந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில். படித்தது ஒரே பள்ளிக்கூடம். இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அக்கா, நீங்க இந்தியக் குடிமகள். தம்பி இல்ல" என்று நான் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சட்டப் பிரிவைக் காட்டி விளக்கியபின் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் முகாம் பதிவுக்கு வரிசையில் நின்றவர், வெளியூர் போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தவர். அவருக்கு உரிமை இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்ன செய்தியை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார்.

தம்பி பெயின்ட் வேலைக்குப் போகிறார். பட்டதாரி. தேர்வாணையத் தேர்வு எழுத முடியாது. தேர்தல் வந்தால் பிரச்சார ஜீப் மெயின் ரோட்டோடு போய்விடும், முகாமுக்குள் திரும்பாது. ஓட்டு இல்லாத தெருவில் யாருக்கு என்ன வேலை? குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மனுக் கொடுக்கலாம், கேட்டு வாங்க முடியாது. ஓட்டு என்பது என்ன என்று ஓட்டு உள்ள ஊரில் பிறந்த எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

அவர்களுடைய அப்பா ஒருநாள் தனியாக வந்தார். கடல் தொழில் செய்தவர். "நான் ஊருக்குப் போறன் பிள்ளை. அங்க எனக்கு வோட்டு இருக்கு, காணி இருக்கு. இஞ்ச என்ன இருக்கு?" என்றார். அங்கேயும் அந்த ஓட்டின் பலம் எனக்குத் தெரிந்ததுதான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்த மாகாண சபைக்குக் காணி, காவல்துறை அதிகாரங்கள் கைக்கு வரவில்லை. வடக்கில் 2013இல் முதல் தேர்தல் நடந்து, 2018இல் சபையின் காலம் முடிந்தபின் மறுதேர்தலே இல்லாமல் ஆண்டுகள் ஓடின. போதாததற்கு எங்கள் கரை இழுவைப் படகுகள் அவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. ஈழத்துக்காக மேடை போடும் நம் ஊர், அந்த மீனவனின் கடலையும் அவன் உரிமையாகப் பார்க்க வேண்டும் என்று இங்கே பேசினால் பலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "தெரியும் பிள்ளை. எண்டாலும் அது என்ர வோட்டு" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அக்காவின் கடவுச்சீட்டு விண்ணப்பம் போய்விட்டது. தம்பி விஷயம் அவ்வளவு எளிதில்லை. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பதிவு செய்து இலங்கைக் குடியுரிமைச் சான்று எடுத்தால் ஒரு நாடாவது கையில் இருக்கும், அப்பாவோடு போகலாம். தம்பிக்கோ இங்கேயே இருக்க வேண்டும். மனைவி பாம்பன்காரர், பிள்ளை தங்கச்சிமடத்தில் படிக்கிறது. இங்கே கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் சொல்கிறார், அங்கே பதிந்துவிடுங்கள் என்று அடுத்த வாரம் வருகிறார். தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான், அவசரப்படுத்த எனக்கு மனமில்லை. எது எப்படியானாலும் அப்பாவின் பிறப்புச் சான்று வேண்டும், மன்னார்க் கச்சேரியிலிருந்து, அதாவது அங்குள்ள அரசு அலுவலகத்திலிருந்து, அதை எடுக்கவே மாதக் கணக்காகும் என்று சொல்லி, அதற்கு மட்டும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்.