வந்து சேராத பதினொரு நிமிடங்கள்

மார்ச் 3, செவ்வாய்

சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கில் ஓடும் எங்கள் செயலி அதிகாலை 2:41க்கு விழுந்து, 2:52க்குத் தானாக எழுந்திருக்கிறது. இடையில் என்ன ஆனது என்று சொல்ல வேண்டிய லாக் வரி (செயலி தானே எழுதும் பதிவு) ஒன்றுகூட ஜூரோங்கில் உள்ள லாக் சர்வருக்கு வரவில்லை. செயலி ஓடும் கன்டெய்னர் என்ற மென்பொருள் பொதி புதிதாகக் கிளம்பியதில் உள்ளே இருந்த லாக் கோப்பும் போய்விட்டது. இரவுப் பணியில் இருந்த அண்ணன், ஸ்கேனர் நின்றதும் பெட்டி எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். மிஞ்சிய பதிவு அதுதான். "ஏன் தம்பி நின்னுச்சு?" என்று கேட்டார். பதில் இல்லாமல் நின்றது நாள் முழுக்க உறுத்தியது.

மார்ச் 4, புதன்

லாக் வரிகளை வேறு கணினிக்கு அனுப்பும் முறைதான் சிஸ்லாக்; அதன் செய்திகளை யுடிபி என்ற நெறிமுறையில், 514ஆம் போர்ட் வழியே அனுப்பிக்கொண்டிருந்தோம். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய ஏற்பாடு சிஸ்லாக், இன்றும் உழைக்கிறது. ஆனால் யுடிபியில் அனுப்பியவருக்கு ரசீது கிடையாது. இன்று சோதனைக்காக, வாங்கும் புரோகிராமை மட்டும் நிறுத்திவைத்து 10,000 வரிகள் அனுப்பினேன். அனுப்பிய பக்கம் ஒரு பிழையும் காட்டவில்லை. வாங்கும் பக்கம் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பியதும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் மற்றதையெல்லாம் சத்தமில்லாமல் கொட்டிவிட்டது. பாதிகூட வரவில்லை.

தப்பி வந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் 131; செய்தியின் வகையையும் தீவிரத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். லோக்கல்0 என்ற வகையின் எண் 16; அதை எட்டால் பெருக்கி, பிழைக்கான 3ஐக் கூட்டினால் 131. அதன் பின்னால், பிழை எந்த வழியே வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸ், 1024 பைட்டில் அறுந்து கிடந்தது. 2001இல் எழுதிவைத்த பழைய சிஸ்லாக் வடிவத்தின் எல்லை அது. காரணம் இருப்பதோ அறுந்த பகுதியில். எல்லாம் நன்றாக ஓடும்போது வரிகள் சின்னதாக இருக்கும், சிக்கலின்றி வந்து சேரும். செயலி தடுமாறும்போதுதான் வரி நீள்கிறது, கூட்டமும் சேர்கிறது. நமக்கு மிகவும் வேண்டிய வரிதான் முதலில் தொலைகிறது.

மார்ச் 6, வெள்ளி

சரி, யுடிபியை விட்டு, ரசீது வாங்கி அனுப்பும் டிசிபிக்கு மாற்றினேன். லாக் சர்வரை உறையவைத்தேன். சில நிமிடங்களில் செயலியும் உறைந்தது! அனுப்பும் பஃபர் நிரம்பியதும், எழுதப் போன திரெட் (செயலியின் ஒரு வேலைச்சரடு) அங்கேயே காத்து நிற்கிறது. தேக்காவில் மதியச் சாப்பாட்டின்போது எங்கள் டீம் அக்காவிடம் சொன்னேன். "லாக் சர்வர் படுத்தா கிடங்கும் படுக்கணுமா தம்பி?" என்றார்.

அதனால் செயலி இனி வரியை அதே கணினியில் உள்ள ஆர்சிஸ்லாக் என்ற லாக் அனுப்பும் மென்பொருளிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வரிசை முதலில் நினைவகத்தில் நிற்கும். நிரம்பினால் டிஸ்க்கில் இறங்கும். அங்கிருந்து ரெல்ப் என்ற நெறிமுறை வழியாகப் போகும். டிசிபி இணைப்பு அறுந்தால் பஃபரில் இருந்தது தொலையலாம். ரெல்ப்பிலோ ஒவ்வொரு செய்திக்கும் எதிர்முனை 'வந்தது' என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

இரண்டு சர்வர்களுக்கு நடுவே எட்டு மணி நேர வித்தியாசம். பழைய வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர வலயமும் இல்லை. 2009இல் வந்த புதிய வடிவத்துக்கு மாறினோம். உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முன்னே என்று சொல்லும் +08:00 வரியிலேயே இருக்கிறது. 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதை அப்பா இன்னும் சொல்வார்.

அப்புறம் ஓட்டுநர்களின் ஐசி (அடையாள அட்டை) நம்பர் சில வரிகளில் முழுசாக இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டேன். அதுவும் இத்தனை நாள் மறையாக்கம் இல்லாமல் போயிருக்கிறது. இனி செயலியை விட்டு வெளியேறும் முன்பே அந்த எண் நீக்கப்படும். வழி முழுக்க டிஎல்எஸ் மறையாக்கம்.

மார்ச் 11, புதன்

துவாஸுக்கே போனேன். கேபிளைப் பிடுங்கியது அந்த அண்ணன்தான். நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பதினொரு நிமிடம் காத்திருந்தோம். டிஸ்க்கில் வரிசைக் கோப்பு வளர்ந்தது, ஸ்கேனர் நிற்கவில்லை. மறுபடி செருகியதும் வரிகள் மளமளவென்று இறங்கின. இணைப்பு போன நேரம் பதிவான வரியைத் தேடி எடுத்து, தன் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 2:16:40. நொடிகூட மாறவில்லை.