அல்வாப் பாலும் பைண்டிங் பசையும்

பழைய புத்தகத்தைப் பிரித்து மறுபடி பைண்டு செய்ய மூன்று மாதமாகக் கைக்கு வராத பசைப் பதம் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பாட்டியின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம், தாள்பட்டைகள் ஒட்டி, ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள்களின் கட்டுக் கட்டாக, தைத்து முடித்து, இப்போது பலகைகளுக்கு இடையில் அழுத்தத்தில் இருக்கிறது.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பாட்டி பிரித்தெடுத்து, ஐந்து பாகங்களாக பைண்டு செய்து வைத்திருந்தார். ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு கூடிய அந்தத் தொகுதிகளில்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் கதையைப் படித்திருக்கிறது. எண்ணெய் விரல் பதிந்த பக்கங்களைப் பார்த்தே முறுக்கு சுட்ட நாளில் யார் படித்தது என்று அம்மா சொல்லிவிடுவார். அன்றைய பைண்டர் பக்கவாட்டில் குத்தித் தைத்திருந்ததால் உள்விளிம்பு எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. அவற்றை மீட்க வேண்டுமானால் தனித்தாள்களை இரண்டிரண்டாக மெல்லிய பட்டையால் இணைத்து, மடிப்புத் தாளாக்கி, மடிப்பில் தைக்க வேண்டும். ஆகவே எல்லாம் பசையைப் பொறுத்தது.

முதலில் எல்லோரையும் போல மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்துதான் ஒட்டினேன். புதிய நோட்டுப் புத்தகத்துக்கு அது போதும். எழுபது ஆண்டுப் பழைய, பழுப்பேறி நொறுங்கும் மலிவுத் தாளுக்கு அது எமன். காய்ந்ததும் பட்டை தகரம்போல விறைத்துக்கொண்டது. பக்கத்தைத் திருப்பிய இடத்தில், பட்டையின் ஓரத்தை ஒட்டி, தாள் நேர்க்கோட்டில் முறிந்தது. அப்படி நான்கு தாள்களைப் பாழாக்கினேன். அவற்றில் ஒன்றில் படம் இருந்தது என்பதை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய தாள் நூல்களைப் பேணுவோர் மாவை அப்படியே பயன்படுத்துவதில்லை. பசைப்புரதத்தை (குளூட்டன்) நீக்கிய கோதுமை மாச்சத்தையே காய்ச்சுகிறார்கள் என்று படித்தேன். அதை எங்கே வாங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, கோதுமைப் பாலின் அடியில் படிவதைத்தானே சொல்கிறாய் என்று அம்மா கேட்டார். திருநெல்வேலிக்காரர்களான நாங்கள் தீபாவளிக்குத் தீபாவளி அதைப் பிழிந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அரைக் கிலோ சம்பா கோதுமையை இரவு முழுதும் ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்தோம். ஒட்டிக்கொண்டு இழுபடும் புரதம் பெரும்பாலும் சக்கையோடு போய்விடுகிறது. பாலைத் தெளியவிட்டபின் அதில் பாதியை அம்மா அல்வாவுக்கு எடுத்துக்கொண்டார். அல்வாவுக்குச் சற்றே புளித்தால் குற்றமில்லை. தாளுக்குப் புளிப்பு ஆகாது. அதனால் என் பங்கில் மட்டும் தெளிநீரை இறுத்து, புது நீர் ஊற்றி, மூன்று முறை கழுவினேன்.

காய்ச்சுவதில்தான் நான் வழக்கமாகத் தோற்பேன். படிந்த மாவு ஒரு கரண்டிக்கு நான்கு கரண்டி குளிர்ந்த நீர். கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சுமார் 60 டிகிரியில் மாவு நீரைக் குடித்து உப்பத் தொடங்கும். அந்த நேரத்தில் நான் பயந்து இறக்கிவிடுவேன், அதனால் பசை பால்போல வெளுத்து, ஒட்டும் வலுவின்றி நிற்கும். மோர்க்களி கிளறிப் பழகிய அம்மா இறக்க விடவில்லை. சிறு தீயில் அரைமணி நேரம் கிண்டியதில் வெண்மை மங்கி, கண்ணாடிபோலப் பளபளப்பு ஏறி, கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழுந்தது. அதுதான் பதம். ஆறியதும் சல்லடையில் மூன்று முறை தேய்த்து எடுத்து, வேண்டிய அளவுக்கு நீர் சேர்த்துத் தூரிகையால் தடவினேன். பட்டை காய்ந்த பிறகும் தாளோடு சேர்ந்து வளைகிறது. ஈரத்துணி வைத்தால் சேதமின்றிப் பிரிந்தும் வருகிறது. குளிர்பெட்டியில் வைத்தால், ஆறிய களிபோல இறுகி மணல் மணலாகிவிடும் என்பதால், இரண்டு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுகிறேன்.

பட்டைக்குத் தாள் வெட்டுகையில் இழையோட்டம், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். குறுக்கே வெட்டிய இரண்டு பட்டைகள் ஈரம் பட்டதும் சுருண்டுவிட்டன. அட்டையும், அதன்மேல் ஒட்டும் காலிக்கோத் துணியும் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கினேன். காலிக்கோவின் அரக்கு நிறம் பழைய அட்டைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மூன்றாம் பாகத்துக்குப் புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாளில், அட்டையின் உட்புறம் ஒட்டும் முகத்தாள் போட எண்ணியிருக்கிறேன்.

ஐந்தாம் பாகம்தான் கவலையளிக்கிறது. அதன் கடைசி வெற்றுத்தாள்களில் பாட்டி அதிரசப் பாகையும் அல்வாவையும் பலம், படி அளவுகளில் எழுதி வைத்திருக்கிறார். ஊற்றுப்பேனா மை, ஓர் எழுத்தின் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்தபோது பஞ்சில் நீலம் ஏறிவிட்டது. ஈரமில்லாமல் அந்தத் தாளை இணைக்கும் வழி தெரியும்வரை அந்தப் பாகத்தை நான் பிரிக்கப்போவதில்லை. குறிப்பை மட்டும் அம்மா வாசிக்க, மகள் தனி நோட்டில் படியெடுத்துக்கொண்டிருக்கிறாள்.