மணியில் கட்டிய பாப்பைன்

ஜூன் 10, திருவட்டாறு
விடியற்காலையில் மழை விட்டதால் பப்பாளிப் பால் கிடைத்தது. ரப்பர் பால் வெட்டும் மாமாதான் பழுக்காத பப்பாளிக் காயையும் கீறிக் கொடுத்தார். தன் கத்தியை எடுத்தவரைத் தடுத்து எவர்சில்வர் பிளேடை நீட்டினேன். இரும்பு பட்டால் பாலிலுள்ள பாப்பைன் என்ற நொதி கெடும். கீறல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் சொட்டிய பால், மூடியைத் தேடி எடுப்பதற்குள் திரண்டுவிட்டது. "மக்களே, இதையும் ஷீட் அடிக்கப் போகிறாயா?" என்று சிரித்தார். பால் தெறித்த மணிக்கட்டு மதியம் வரை அரித்தது. புரதத்தைச் செரிக்கிற பாப்பைன், தோலை மட்டும் சும்மா விடுமா?

ஜூன் 14, நாகர்கோவில்
பாப்பைனைக் கட்டிவைக்கக் கைட்டோசான் மணிகள் தயார். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள். அசிட்டிக் அமிலத்தில் கரைத்து ஊசி வழியே காரக் கரைசலில் சொட்டினால் ஜவ்வரிசி போல உருண்டு நிற்கிறது.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டில் மணி செய்வது இன்னும் எளிதுதான். ஆனால் பாப்பைன் முழு வேகத்தில் வேலை செய்யச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏவும் சேர்ப்பது வழக்கம். அல்ஜினேட் மணியைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். ஈடிடிஏ அதைப் பிடுங்கிக்கொள்ளும், மணி கரைந்துவிடும். போதாக்குறைக்கு, சுமார் 23,000 டால்டன் எடையுள்ள சின்ன நொதி அந்த வலையிலிருந்து கசிந்தும் போகும்.

இணைப்புக்குக் குளுட்டரால்டிஹைடு. ஒரு முனை கைட்டோசானையும் மறுமுனை நொதியிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தையும் பற்றும். நொதியின் வேலை நடக்கிற இடமோ அமினோ அமில வரிசையில் 25ஆம் எண் சிஸ்டீனும் 159ஆம் எண் ஹிஸ்டிடினும், லைசின் அல்ல. ஆனாலும் அளவு மிஞ்சினால் நொதி விறைத்துப்போகும்.

ஜூன் 18
பால் புரதமான கேசீனை வைத்துச் சோதித்தேன். கரைசலில் இருந்த நொதியின் வேகத்தில் பாதிகூட மணிகளிடம் இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு போயிற்று?" எரிச்சலாக இருந்தது. போயிற்று என்று யார் சொன்னது?

மாலையில் கொஞ்சம் மணிகளைக் கல்வத்தில் நசுக்கி மறுபடி அளந்தேன். வேகம் ஏறியது. உள்ளே நொதி உயிரோடுதான் இருக்கிறது. பருத்த கேசீனால் துளைக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான். நசுக்காத மணிகளுக்குச் பாப்பைன் உடைத்தால் மஞ்சளாகும் சிறிய மூலக்கூறான பாப்னாவைக் கொடுத்தபோது மஞ்சள் நிறம் நன்றாகவே வந்தது. 1916இலேயே நெல்சனும் கிரிஃபினும், கரியில் ஒட்டிய இன்வெர்டேஸ் நொதியும் சர்க்கரையை உடைப்பதைக் காட்டிவிட்டார்கள். நாம் இன்னும் 'எவ்வளவு போயிற்று' என்கிறோம்.

ஜூன் 25
காற்றும் மழையும். இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, குளிர்சாதனப் பெட்டி வெதுவெதுத்துக் கிடந்தது. கரைசல் நொதி நன்றாக அடிவாங்கியிருந்தது. பாப்பைனும் புரதம்தானே, தனியே விட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். மணியில் கட்டியவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதை எட்ட வழியில்லை. அவை ஏறக்குறைய அப்படியே இருந்தன.

சூட்டிலும் இதே கதை. நொதி சாக வேண்டுமானால் முதலில் அதன் மடிப்பு குலைய வேண்டும். பல இடங்களில் கட்டுண்டது எளிதில் குலையாது.

ஜூலை 2
மணிகளை வடிகட்டிக் கழுவித் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. கரைசல் நொதியோ முதல் ஓட்டத்தோடு கேசீனில் கலந்துபோய்விட்டது, எங்கே போய்த் தேடுவது?

விஷயத்தைக் கேட்ட மாமா, "எத்தனை தடவை கழுவிப் போடலாம் மக்களே?" என்றார். ஆய்வுக் கூட்டத்தில் வராத கேள்வி. அட்டவணையை மாற்றிவிட்டேன். ஒரு கிராம் நொதி ஓயும்வரை செரித்த மொத்தக் கேசீன்தான் இப்போது முதல் கட்டம். முதல் நாள் வேகம் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது.