மற்றும் கொடுத்தார் கொடுத்தன

தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனால் தஞ்சைப் பெரியநாயகி அம்மனுக்குப் பொன்னில் பொட்டு செய்து சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அதற்காகத் தம் தாயாருடைய பழைய தோடுகளை எடுத்துப் பத்தரிடம் கொடுத்தபோது நானும் உடனிருந்தேன். பத்தர் கற்களைப் பெயர்த்தெடுத்து, அடியில் பல்லாண்டுகளாக இறுகிக் கிடந்த அரக்கை நெருப்பில் இளக்கி நீக்கிவிட்டு, வெறும் பொன்னை மட்டும் தராசில் வைத்து, "கல்லும் அரக்கும் போக நாலே கால் கிராம் நிக்குதும்மா" என்றார். அந்தச் சொற்களை வேறெங்கோ படித்திருக்கிறோமே என்று அன்றைக்கு மனத்துக்குள் ஒரு நெருடல். தை மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் காலையில் பெரிய கோயில் விமானத்தின் அடியில் நின்றபோதுதான் அது எங்கே என்று விளங்கிற்று.

கேரளாந்தகன் வாயிலையும் ராஜராஜன் வாயிலையும் கடந்து, நந்தியை வணங்கி, பெருவுடையாரைத் தரிசித்தோம். அவ்வளவு பெரிய லிங்கத் திருமேனியின் முன் நிற்கும்போது வேண்டுதல்கூட மறந்துபோகிறது. தரிசனம் முடிந்ததும் விமானத்தின் வடபுறம் அம்மாவை அழைத்துச் சென்றேன். இக்கோயிலின் பொன்னையும் மணியையும் காண விரும்புகிறவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ராஜராஜ சோழன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி இட்ட ஆணை அங்கே கல்லில் நிற்கிறது. தான் எடுப்பித்த கற்றளிக்கு, அதாவது இந்தக் கற்கோயிலுக்கு, "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டுக என்பது அவன் திருவாய்மொழி. அக்கன் என்பது தமக்கை குந்தவை; பெண்டுகள் என்பது அரசியர். அரசனின் கொடைக்கும் பெயர் தெரியாத எவரோ ஒருவரின் கொடைக்கும் ஒரே கல், ஒரே உளி. எத்தனை முறை படித்தாலும் 'மற்றும் குடுத்தார்' என்ற இடத்தில் என் கண் நின்றுவிடும்.

கல்வெட்டு சொல்லும் செல்வம் சிறிதன்று. விமானத்தின் உச்சியில் வைக்க 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது கி.பி. 1010-இல், அரசன் அளித்த செப்புக் குடத்தின் நிறை 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. ஒரு கழஞ்சை ஏறத்தாழ 5 கிராம் என்று கொண்டாலும் அந்தத் தகடு மட்டுமே 14 கிலோவைத் தாண்டும். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து வந்தவை உண்டு. மேலைச் சாளுக்கியன் சத்தியாச்ரயனை வென்று மீண்ட பிறகு இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் உண்டு. போரில் வந்த பொன் பூவாகித் திருவடியில் விழுந்திருக்கிறது.

ஆனால் என்னை அங்கே நெடுநேரம் நிறுத்தி வைத்தது பொன்னின் அளவன்று, அதை எழுதிவைத்த நேர்மை. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லாலும், மணிகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். ஆடவல்லான் என்பது நடராசர்; தக்ஷிணமேரு விடங்கனும் இக்கோயில் இறைவனின் பெயரே. தராசில் வைத்த கல்லுக்கே இறைவனின் திருப்பெயர். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி அளவு வரை கணக்கு இறங்குகிறது. முத்து என்று பொதுவில் எழுதி முடித்துவிடாமல் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என்று ஒவ்வொன்றையும் பிரித்து, குளிர்ந்த நீர் (ஒளி) உடையது எது, சிவந்த நீர் உடையது எது என்றுகூடச் சொல்கிறார்கள். வயிரங்களில் பொறிவும் முறிவும் காகபிந்து என்னும் கரும்புள்ளியும் இருந்தால் அதையும் மறைக்கவில்லை. கொடுத்தவர் அரசரே ஆனாலும் குறை உள்ள கல் குறை உள்ள கல்லாகவே பதிவாகியிருக்கிறது. நகைகளை நிறுக்கும்போது சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு, பிஞ்சு ஆகியவற்றில் எதைச் சேர்த்து நிறுத்தார்கள், எதை நீக்கி நிறுத்தார்கள் என்பதும் உண்டு. பத்தர் சொன்னபோது நெருடியது இந்த 'அரக்கு'தான். அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கல்வெட்டின் மேல் விரல் படாமல், எழுத்துகளுக்குச் சற்று எதிரே கையை நகர்த்திக்கொண்டே, "அப்பவும் அரக்கைக் கழிச்சுத்தான் நிறுத்தாங்களா?" என்று கேட்டார்.

குந்தவையின் கொடைகளைப் பற்றிச் சொன்னபோது அம்மாவின் முகம் இன்னும் மலர்ந்தது. ஆடவல்லாருக்கும் தக்ஷிணமேரு விடங்கருக்கும் துணையாக உமாபரமேசுவரித் திருமேனிகளை எழுந்தருளுவித்து நகைகள் அளித்த அந்த அம்மையார், தம் தந்தைக்கும் தாய்க்கும்கூடத் திருமேனி செய்து வைத்திருக்கிறார். கோயில் நிர்வாகத்தைப் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் நால்வரில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோருக்கும் சுந்தரரின் மனைவி பரவையாருக்கும் செப்புத் திருமேனிகள் எடுத்திருக்கிறார். 'மற்றும் குடுத்தார்' வரிசையில் நிற்கும் ஓர் அலுவலரின் பக்தி அது.

அந்த நகைகளுள் ஒன்றும் இன்று கோயிலில் இல்லை. ஒற்றைச் சர மாலையான ஏகாவல்லியும் நவரத்தின மோதிரமும் முத்து வளையல்களும் காலத்தோடு போய்விட்டன. கல்வெட்டுகள் சொல்லும் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளில் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் ஆடவல்லான் இன்றும் பூசையில் இருக்கிறார். அவர் சந்நிதியில் தீபாராதனை காட்டியபோது, எடைக்கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் பெயர் தந்த அந்தப் பெருமானை ஆயிரம் ஆண்டுக்குப் பின் நேரில் வணங்குகிறோம் என்ற நினைவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொன் போயிற்றே என்ற வருத்தம் உண்மையில் இருக்கிறது. ஆயினும் திருடர் கையோ படையெடுத்தவர் கையோ தொட முடியாத இடத்தில், விமானத்தைத் தாங்கும் கல்லிலேயே அதைப் பதித்துவைத்த அரசனின் முன்யோசனையை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

பிறகு, பாண்டியர் காலத்தில் எழுந்த பெரியநாயகி அம்மன் சந்நிதிக்குச் சென்றோம். குருக்கள் பொட்டை வாங்கி அம்மன் திருவடியில் வைத்து அர்ச்சனை செய்து, அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளச் சொன்னார். அங்கிருந்தவர் சிறிய மின்தராசில் பொட்டை வைத்து, எண்கள் அசைவது நிற்கும் வரை காத்திருந்து, பதிவேட்டில் எடையை எழுதினார். பிறகு பேனாவை எடுக்காமலேயே, "யார் பேர்ல எழுதட்டும்மா?" என்று கேட்டார்.

அம்மா தம் பெயரைச் சொல்லவில்லை; தோட்டுக்குச் சொந்தக்காரியான தம் தாயாரின் பெயரைச் சொன்னார்.