சிரிக்கச் சொன்ன அம்மா
பிளாட்டினோ விருது 2014-ல் இருந்து கொடுக்கிறார்கள். ஸ்பானிஷ், போர்த்துகீசிய மொழிப் படங்களுக்கானது. ஆனால் சிறந்த இயக்குநர் பட்டியலைப் பார்த்தால் மெக்சிகோவின் குவாரோன், ஸ்பெயினின் அல்மோதோவார் (அவருக்கு இரண்டு தடவை) என்று ஸ்பானிஷ் மொழிக்காரர்கள் ராஜ்ஜியம்தான். பிரேசில் மாதிரி அவ்வளவு பெரிய சினிமா நாட்டுக்கு 2025 வரை அந்த விருது கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். அந்த வருஷம் மாட்ரிட்டில் பிரேசில் இயக்குநர் வால்டர் சாலஸ் வாங்கினார், ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’ படத்துக்காக.

நேற்று ராத்திரி அதை மறுபடி பார்த்தேன். நிஜக் குடும்பத்தின் கதை. 1971, பிரேசிலின் ரியோ நகரம். ராணுவ ஆட்சி. முன்னாள் எம்.பி. ரூபன்ஸ் பைவாவை விசாரணைக்கு என்று வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள். அவ்வளவுதான், ஆள் திரும்பவில்லை. சித்திரவதை எதையும் சாலஸ் காட்டுவதில்லை. பக்கத்து அறைகளிலிருந்து சத்தம் மட்டும் வரும். வயிற்றைப் பிசையும்.

எனக்குப் பிடித்தது வேறு காட்சி. பத்திரிகைக்குக் குடும்பத்தைப் படம் எடுக்க வருகிறார்கள். சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மா யூனிஸ் பிள்ளைகளிடம் ‘சிரிங்க’ என்கிறாள். எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். வசனமே தேவையில்லை. சாலஸ் சின்ன வயதில் அந்த வீட்டுக்குப் போய்வந்தவராம். அப்புறம் ஏன் கேமரா அந்த வீட்டை விட்டு நகர மனசில்லாமல் நிற்கிறது என்று புரிந்தது.

வயதான யூனிஸாக வரும் பெர்னாண்டா மான்டினேக்ரோ, நாயகி பெர்னாண்டா டோரஸின் நிஜ அம்மா. பேச்சே இல்லை. டிவியில் கணவர் படம் வரும்போது அந்தக் கண்ணை மட்டும் கவனியுங்கள்.