படகில் தொடங்கும் காட்ஸில்லா

மே 17
தடைக்காலம். தேவனாம்பட்டினத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. பெரியப்பாவுக்கும் பொழுது போகவில்லை என்பதால் லேப்டாப்பில் 1954இல் வந்த முதல் காட்ஸில்லாவை, கடலிலிருந்து வரும் ராட்சத மிருகத்தைப் பற்றிய ஜப்பானியப் படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளை என்றதும் தம்பி எழுந்து போய்விட்டான். மாலுமிகள் மேல்தளத்தில் கிதார் வாசித்துக்கொண்டிருக்கும்போது கடலுக்குள் பளீரென்று வெளிச்சம், அப்புறம் கப்பல் எரிகிறது. மிருகம் இன்னும் தலையே காட்டவில்லை, பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மே 18
அந்த வெளிச்சத்துக்குக் காரணம் உண்டு. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் இருந்த 23 பேரின் மேலும் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. ரேடியோ இயக்கியவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டா இயக்கிய இந்தப் படம் வெளியானது. கதிர்வீச்சு பட்ட சூரையைப் பற்றி ரயிலில் ஒரு பெண் அலுத்துக்கொள்ளும் காட்சிகூட அதில் இருக்கிறது.
"அந்த மீனை என்னடா பண்ணாங்க?"
"புதைச்சுட்டாங்க பெரியப்பா."
"காசு யார் கொடுத்தா?"
படம் பார்த்த யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

மே 25
1973 படத்தில் காட்ஸில்லா வாலில் சறுக்கிப் போய் உதைக்கிறது. வீடே சிரித்தது. சரி, குழந்தைகளுக்கான படம். ஆனால் 1984இல் நடுவில் வந்த கதைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதல் படத்துக்கே திரும்பினார்கள். தொடக்கத்திலேயே புயலில் மாட்டிய மீன்பிடிப் படகு! 2016இல் வந்த ஷின் காட்ஸில்லாவிலும் டோக்கியோ விரிகுடாவில் ஆளில்லாமல் மிதக்கும் படகுதான் முதலில். மூலத்துக்குத் திரும்புகிறவர்களுக்குப் படகு இல்லாமல் முடியவில்லை. ஊர் அழிவதைப் பிற்பாடு காட்டினால் போதும், கடலில் இருப்பவன்தான் முதலில் பார்க்கிறான்.

ஜூன் 1
காட்ஸில்லா மைனஸ் ஒன், 2023. இயக்குநர் தகாஷி யமசாகி கதையை 1954க்கும் முன்னால், போர் முடிந்த கையோடு கொண்டுபோய் வைத்திருக்கிறார். கண்ணிவெடி பொறுக்கும் மரப்படகைக் காட்ஸில்லா துரத்தும் காட்சிக்கே ஆஸ்கர் கொடுக்கலாம் (காட்சி விளைவுகளுக்குக் கொடுத்தும் விட்டார்கள்). ஏன் மரம்? காந்தக் கண்ணிவெடி இரும்பை உணர்ந்து வெடிக்கும். பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

முடிவைப் பற்றித்தான் எனக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை. முதல் படத்தில் காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா தன் குறிப்புகளை எரித்துவிட்டு, அந்த ஆயுதத்தோடு கடலடியில் சாகிறார். மைனஸ் ஒன்னில் காட்ஸில்லா மேல் விமானத்தை மோதவிடும் விமானி பிழைக்கிறான். "வீட்ல புள்ள இருக்கு, வரத்தானே வேணும்" என்கிறார் பெரியப்பா. எனக்கு செரிசாவா பக்கம்தான் நியாயம். அந்த ஆயுதம் இன்னொருவன் கைக்குப் போகும் என்ற பயத்தை யமசாகி கையிலெடுக்கவே இல்லை.