காட்டேரிப் படம் கேட்டவர்களுக்கு பில் கன் கொடுத்தது

1972இல் 'பிளாக்குலா' என்ற அமெரிக்கப் படம் நன்றாக ஓடியது. கறுப்பினக் காட்டேரிக்குச் சந்தை உண்டு என்று தெரிந்ததும், ஒரு தயாரிப்பு நிறுவனம் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பில் கன்னைப் பிடித்தது. கையில் கொடுத்தது சுமார் 3,50,000 டாலர். ஃபிலடெல்ஃபியாக்காரரான கன் நாடக ஆசிரியர், மேடை நடிகர், 1964இலேயே ஒரு நாவல் வெளியிட்டவர். அவருக்குக் காட்டேரியில் ஆர்வமே இல்லை. அந்தப் பணத்தில் அவர் எடுத்த 'கஞ்சா அண்ட் ஹெஸ்', ஒரு பழக்கத்திலிருந்து விடுபட முடியாமல் தவிக்கும் மனிதனைப் பற்றிய படம்.

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் அதில் ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஹெஸ் வசதியான மானுடவியல் ஆய்வாளர். அவருடைய உதவியாளர் மீடா, இரவில் தூக்குக் கயிற்றோடு மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிறார். மீடாவாக நடிப்பவர் கன்னேதான். கீழே நிற்கும் ஹெஸ் அவரைச் சமாதானப்படுத்தும் விதம்தான் விசேஷம்: இந்தத் தெருவில் கறுப்பன் நான் ஒருவன்தான், இங்கே பிணம் கிடந்தால் போலீஸ் என் வீட்டுக்குத்தான் வரும் என்கிறார். மாளிகை, கார், படிப்பு எல்லாம் இருந்தும் அந்த மனிதனின் நிலைமை என்ன என்பதை அந்த ஒரு பேச்சே சொல்லிவிடுகிறது. கேமராவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. இரண்டு பேர், ஒரு மரம், வசனம். மேடையிலிருந்து வந்தவர்தான் இவ்வளவு துணிச்சலாக வசனத்தை நம்புவார்.

1973இல் படம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவுக்குப் போனது. சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. வெள்ளை விமர்சகர்கள் கறுப்பினக் கலைஞனின் படைப்பை அணுகும் விதத்தைப் பற்றி கன் நியூயார்க் டைம்ஸுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். தயாரிப்பாளர்களோ படத்தை வேறொரு நிறுவனத்துக்கு விற்றார்கள்; அது படத்தை வெட்டி, இசையை மாற்றி, வேறு பெயரில் விட்டது. முழுப் பிரதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்ததால் பிழைத்தது. அதற்கு முன்பு வார்னர் பிரதர்ஸுக்காக அவர் இயக்கிய 'ஸ்டாப்' என்ற படம் தியேட்டருக்கே வரவில்லை.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தோல்விகளோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்தவைதான் முக்கியம். சினிமாவில் பட்டதையெல்லாம் மறுபடியும் எழுத்துக்கே கொண்டுவந்தார். 1975இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் அரங்கில் அவரே இயக்கி மேடையேற்றிய 'பிளாக் பிக்சர் ஷோ' நாடகம், சினிமாவுக்கு எழுதப் போய் மனம் சிதைந்த ஒரு கறுப்பினக் கவிஞனின் கதை. 1981இல் வந்த 'ரைன்ஸ்டோன் ஷேர்கிராப்பிங்' நாவலிலும் ஹாலிவுட்டில் மாட்டிக்கொண்ட கறுப்பினத் திரைக்கதை எழுத்தாளன்தான் நாயகன். அவரிடமிருந்து படத்தைப் பறிக்க முடிந்தது, அனுபவத்தைப் பறிக்க முடியவில்லை.

இடையில் 1980 வாக்கில், எழுத்தாளர் இஷ்மேல் ரீடோடு சேர்ந்து 'பர்சனல் ப்ராப்ளம்ஸ்' எடுத்தார். வீடியோவில் எடுத்த குடும்பத் தொடர் அது. நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், அவள் கணவன், வீட்டோடு வந்து தங்கும் உறவுகள். நடிகர்கள் அங்கேயே யோசித்துப் பேசியது போல வசனம் தடுமாறும், ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள். எனக்கு இதுதான் அவருடைய ஆகச் சிறந்த வேலை. தொலைக்காட்சி அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் சீரமைத்து வெளியிட்ட பிறகுதான் பலரும் பார்த்தார்கள்.

1989 ஏப்ரலில், 'தி ஃபர்பிடன் சிட்டி' என்ற அவருடைய நாடகம் நியூயார்க்கில் அரங்கேறுவதற்கு முதல் நாள் கன் இறந்துபோனார்.

'கஞ்சா அண்ட் ஹெஸ்' தேடுகிறவர்கள் நேரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கிட்டத்தட்ட 113 நிமிடம் ஓடினால் அது கன் எடுத்த படம். 'பிளட் கப்பிள்' என்ற பெயரில், 80 நிமிடத்துக்குள் முடிந்தால் அது வெட்டிய பிரதி. அதைப் பார்க்க வேண்டாம்.